இரும்புக்கல்லைத் திறந்து குதிரைலாட நண்டைப் படிப்பது எப்படி

எங்கள் வீட்டு ஃப்ரீசரின் கீழ்த்தட்டில், துருவிய தேங்காய்ப் பொட்டலங்களுக்கும் பச்சைப் பட்டாணிக்கும் பக்கத்தில், எந்நேரமும் நாலைந்து பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள் இருக்கும். திறந்தால் பனிக்கட்டி. பனிக்கட்டிக்குள் துருநிறத்தில் ஒரு கல். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் என் மகளே பதில் சொல்லிவிடுவாள்: "உள்ளே 31 கோடி வருஷத்துக்கு முந்தி வாழ்ந்த ஏதாவது இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

நாங்கள் இருப்பது சிகாகோவுக்குத் தென்மேற்கே. ஒரு மணி நேரம் காரில் போனால் பிரெய்ட்வுட் என்ற சிற்றூர். அதை ஒட்டி மேஸோனியா-பிரெய்ட்வுட் என்ற அரசுக் காப்பிடம். இந்த வட்டாரத்தையே புதைபடிவம் சேகரிக்கிறவர்கள் 'மேஸான் க்ரீக்' என்று சொல்வார்கள். இங்கே ஓடும் ஓடையின் பெயர் அது. ஒரு காலத்தில் நிலக்கரிக்காக நிலத்தை மேலிருந்தே வாரி எடுத்த இடம் இது. நிலக்கரிக்கு மேலே படிந்திருந்த களிப்பாறையைக் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். மழையும் பனியும் அந்தக் களிப்பாறையைக் கரைக்கக் கரைக்க, உள்ளே இருந்த இரும்புக்கல் உருண்டைகள் வெளியே வருகின்றன. அவற்றில் மிகச் சிலவற்றுக்குள்ளே யூப்ரூப்ஸ் டானே என்ற குதிரைலாட நண்டு இருக்கிறது. ஏழு வருடத்தில் எனக்கு முழுசாகக் கிடைத்தவை இரண்டு.

தேடுவது, திறப்பது, படிப்பது என்று மூன்று வேலைகள். முதல் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேடுவது

மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரைதான் அனுமதி. மற்ற மாதங்களில் அங்கே வாத்து வேட்டை நடக்கும். மாநில இயற்கைவளத் துறையின் அனுமதிச் சீட்டை முதலிலேயே வாங்கிக்கொண்டு, அதிலுள்ள விதிகளை ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை, நீளமான கால்சட்டை, உயரமான காலுறை அவசியம். உண்ணிகள் அதிகம். மூன்று மூன்று இலையாக இருக்கும் நச்சுக்கொடியும் உண்டு, தொட்டால் வாரக்கணக்கில் அரிக்கும்.

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். சரிவுகளில் புதிதாகக் கழுவப்பட்ட உருண்டைகள் தெரியும். நமக்கு வேண்டிய வடிவம் எது என்றால், பிடிகொழுக்கட்டையை உள்ளங்கையில் வைத்து லேசாக அமுக்கினால் வருமே, அது. நீள்வட்டம், சற்றுத் தட்டை, இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்க வேண்டும். வெளியே செங்காவி நிறம், உள்ளே சாம்பல். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். சிடரைட் என்ற இரும்புத் தாதுவால் ஆன கல் என்பதுதான் அந்தக் கனத்துக்குக் காரணம்.

இந்த உருண்டை எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டால் தேடும் கண்ணே மாறிவிடும். அன்று எங்கள் மாநிலமான இலினாய் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சதுப்புக் காடு, அதன் ஓரத்தில் கடலில் கலக்கும் ஆறு. ஆறு கொண்டுவந்த சேறு செத்த உயிர்களைச் சட்டென்று மூடியது. உடல் அழுகத் தொடங்கியதும் நுண்ணுயிர்களின் வேலையால் சுற்றியிருந்த சேற்றில் இரும்புக் கார்பனேட் திரண்டு, உடல் முழுதாய் அழியுமுன் அதைச் சுற்றி இறுகிவிட்டது. அதாவது கல்லின் வடிவத்துக்கே உள்ளே இருக்கும் உயிர்தான் காரணம். அதனால்தான் சீரான வடிவத்தைத் தேடச் சொல்கிறேன்.

பெரும்பாலான உருண்டைகளில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் எசெக்ஸெல்லா என்ற வழவழப்பான ஒரு குமிழ்தான் அதிகம் வரும். அதை நீண்ட காலம் ஜெல்லிமீன் என்று நினைத்திருந்தார்கள். 2023-ல் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, கடல் சாமந்தி (பூப் போலத் தெரியும் கடல் விலங்கு) என்று ஆய்வாளர் ராய் பிளாட்னிக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் எழுதினார்கள். நான் தூக்கிப்போடவிருந்த ஒரு டப்பா நிறையக் குமிழ்களை அன்றிரவு மறுபடி எடுத்துவைத்துப் பார்த்தேன்.

திறப்பது

சுத்தியலை எடுக்காதீர்கள். முதல் வருடம் நான் எடுத்தேன். உருண்டை குறுக்கே உடைந்தது. பாதி முன்கேடயம், அதாவது தலைப்பக்க ஓடு, தெரிந்தது, பின்பாதி தூளாகிவிட்டது. அந்தத் துண்டுகளை இன்னும் ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

செய்ய வேண்டியது இது. உருண்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறவிடுங்கள். பிறகு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு விரல் இடம் விட்டு ஃப்ரீசரில் வையுங்கள். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, விரிசல் விடும். ஓர் இரவு உறைந்ததும் வெளியே எடுத்து, தானாக உருகவிடுங்கள். அவசரத்துக்கு வெதுவெதுப்பான நீர் போதும். கொதிநீர் ஊற்றினால் கல் தாறுமாறாகப் பிளக்கும். உருகியதும் ஓரிரு நாள் ஊறவிட்டு மறுபடி ஃப்ரீசர்.

கல்லுக்குள் உயிர் இருக்கும் தளம்தான் பலவீனமான தளம். அங்கே புகுந்த நீர் உறைந்து விரிந்து அதை நெம்புகிறது. சில கற்கள் ஐந்தாவது சுற்றில் திறந்துவிடும். என்னிடம் நாற்பது சுற்று தாண்டியும் அசையாதவை இருக்கின்றன. விளிம்பைச் சுற்றி முடி அளவு கோடு தெரிந்தபின், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சின்னச் சுத்தியலால் அந்தக் கோட்டின் மேல் மெதுவாகத் தட்டலாம். ஜனவரியில் ஃப்ரீசரே வேண்டாம், வாளியைப் பின்கட்டில் வைத்துவிட்டால் சிகாகோக் குளிர் அந்த வேலையைச் செய்யும்.

திறந்ததும் இரண்டு பாதிகளையும் சேர்த்து வையுங்கள். ஒன்றில் மேடாகத் தெரிவது மற்றதில் குழியாக இருக்கும். ஒரு பாதியில் உடைந்து போன முள் மறுபாதியில் முழுசாக இருப்பது சகஜம்.

இன்னொன்று. உள்ளே வெள்ளை நிறத்தில் பொடி படிந்திருந்தால் சுரண்டாதீர்கள், பிரஷ் போடாதீர்கள். அது கேயோலினைட் என்ற களிமண் தாது. உடலின் மென்பாகங்கள் அழிந்த இடத்தை அது நிரப்பியிருக்கலாம். 2021-ல் ரஸ்ஸல் பிக்னெல்லும் உடன் ஆய்வாளர்களும் மேஸான் க்ரீக்கின் ஒரு யூப்ரூப்ஸில் மூளையையே இப்படிக் கண்டுபிடித்தார்கள். மூளை அழுகிப்போயிருந்தது, ஆனால் அது இருந்த அச்சு முழுவதையும் வெள்ளைக் களிமண் பிடித்து வைத்திருந்தது. அந்த அமைப்பு இன்றைய குதிரைலாட நண்டின் மூளையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. கறை என்று நினைத்து யாராவது அதைத் துடைத்திருந்தால்!

படிப்பது

முதலில் வெளிச்சம். மேலிருந்து விளக்கடித்தால் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு வரப்பும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். டார்ச்சை மெல்லச் சுற்றுங்கள், ஒரு திசையில் தெரியாத முள் இன்னொரு திசையில் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும்.

என் முதல் யூப்ரூப்ஸ் கட்டைவிரல் அகலம்தான். அதைப் படித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முன்னால் பிறை வடிவில் ஒரு கேடயம். தலையும் காலிருக்கும் பகுதியும் சேர்ந்த ஒரே ஓடு. பிறையின் இரண்டு முனைகளும் பின்னோக்கி நீண்டு கன்னமுள்ளாக முடிகின்றன. கேடயத்தின் மேல் இரண்டு வரப்புகள் ஓடும். அவற்றின் வெளிப்புறத்தில்தான் கூட்டுக்கண்கள் இருக்கும். யூப்ரூப்ஸில் அந்த வரப்புகளும் பின்னோக்கி முள்ளாக நீளும். அதற்குப் பின்னால் இரண்டாவது கேடயம், நடுவில் ஒரு மேடு, இருபுறமும் விசிறி போலக் கோடுகள். அந்தக் கோடுகள் முன்பு தனித்தனியாக இருந்த உடல் வளையங்களின் தழும்புகள். வளையங்கள் ஒட்டிக்கொண்டன, கோடு மட்டும் மிச்சம். ஒவ்வொரு கோட்டு இடைவெளியும் விளிம்பைத் தாண்டி ஒரு முள்ளாக நீண்டிருக்கும். கடைசியில் வால்முள்.

இந்தச் சட்டகம் கிடைத்துவிட்டால், உங்கள் கையில் இருப்பது குதிரைலாட நண்டு. பெயரில்தான் நண்டு. உணர்கொம்பு கிடையாது, வாய்க்கு முன்னால் இருப்பவை சிறு கொடுக்குக் கால்கள். உறவு முறையில் இது சிலந்திக்கும் தேளுக்கும் பக்கம்.

இப்போது இன்றைய குதிரைலாட நண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரு ஜூன் மாதப் பௌர்ணமிக்கு நாங்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள டெலவேர் விரிகுடாவுக்குப் போனோம். கடல் ஏற்றம் உச்சத்தில் இருந்தபோது நூற்றுக்கணக்கில் கரையேறி முட்டையிட வந்தன. மல்லாந்து கிடந்த ஒன்றை என் மகள் இரு கையாலும் ஓட்டின் பக்கவாட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, மூட்டு பிசகிவிடும். திருப்புவதற்கு முன் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டோம். புத்தகத்தின் தாள்கள் போல அடுக்கடுக்காகச் செவுள்கள், மெல்ல விரிந்து மூடிக்கொண்டிருந்தன. என் யூப்ரூப்ஸின் கல்லில் இல்லாத பாதியை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தையும் கல்லையும் பக்கத்தில் வைத்தேன். நீங்களும் இந்த மூன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றையதன் பின்கேடயம் வழவழப்பானது, வளையங்களின் நினைவாக நடுவில் ஜோடி ஜோடியாகச் சிறு குழிகள் மட்டும். யூப்ரூப்ஸில் கோடுகள் அப்படியே நிற்கின்றன. இரண்டாவது, இன்றையதன் பின்கேடய விளிம்பில் உள்ள ஆறு ஜோடி முட்கள் அசையும், யூப்ரூப்ஸின் முட்கள் கேடயத்தின் நீட்சி, அசையாது. மூன்றாவது அளவு. டெலவேரில் பார்த்த பெண் நண்டுகள் வாலோடு சேர்த்து என் முழங்கை நீளத்துக்கு மேல். யூப்ரூப்ஸ் ஒரு தேக்கரண்டியில் உட்காரும். அதோடு, யூப்ரூப்ஸ் உடலை மடித்து ஒடுங்கக்கூடியது. அப்படி மடங்கிய நிலையிலேயே படிவமானவையும் உண்டு. அதனால் பாதி உடல்தான் தெரிகிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. முள் கொஞ்சம் வளைந்திருக்கிறது, அகலம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதற்காகப் புது இனம் என்று முடிவு கட்டாதீர்கள். நிபுணர்களே அந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். யூப்ரூப்ஸுக்கு ஏகப்பட்ட இனப்பெயர்கள் வைக்கப்பட்டு, அவற்றில் பல நசுங்கிய விதத்தாலும் வயதாலும் வந்த வேறுபாடுகள் என்று பின்னால் தெரிந்து ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அதோடு கையில் இருப்பது உடலா, கழற்றிப்போட்ட சட்டையா என்றும் பாருங்கள். குதிரைலாட நண்டு சட்டை உரிக்கும்போது முன்கேடயத்தின் முன்விளிம்பு பிளந்து, அந்த வழியாக முன்னோக்கி வெளியே வரும். இன்றையது பெரியதாவதற்குள் பதினாறு பதினேழு முறை இப்படிச் செய்கிறது. ஒரே உயிர் இத்தனை சட்டைகளை விட்டுப்போகும் என்றால், படிவங்களில் எத்தனை சட்டைகள் இருக்கும் என்று யோசியுங்கள்.

காலத்தில் வைப்பது

தையல் டேப் ஒன்றை மேசையில் நீட்டுங்கள். ஒரு கோடி வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர். பூஜ்யம் இன்று. மனித இனத்தின் மொத்த வரலாறும் பூஜ்யக் கோட்டின் தடிமனுக்குள் முடிந்துவிடும்.

44.5-ல் ஒரு குறி வையுங்கள். கனடாவின் மானிடோபாவில் கிடைத்த லூனாடாஸ்பிஸ் ஆரோரா அங்கே வரும். 2008-ல் ரட்கின், யங், நோலன் ஆகிய மூவரும் பெயரிட்டார்கள். விடியலின் பிறைக்கேடயம் என்று பொருள். சின்ன உயிர், ஆனால் பிறை வடிவ முன்கேடயமும் வால்முள்ளும் அப்போதே இருக்கின்றன. பின்பகுதி ஒரே ஓடாக இல்லாமல், அகலமான ஒன்றும் ஒடுங்கிய ஒன்றுமாக இரண்டு துண்டுகளாக இருந்தது.

31-ல் நம் கல்லை வையுங்கள். உண்மையான கல்லையே வையுங்கள், படம் வேண்டாம். 25-க்கு ஒட்டி ஒரு சிவப்புக் கோடு. பெர்மியன் என்ற காலத்தின் முடிவில் நடந்த பேரழிவு, கடல் உயிரினங்களில் மிகப் பெரும்பான்மை அழிந்த நேரம். 24-க்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆஸ்ட்ரோலிமுலஸ். இதன் படத்தைப் பார்த்துவிட்டு என் மகள் "இது பூமராங்கா அம்மா?" என்று கேட்டாள். கன்னமுட்கள் இரண்டு பக்கமும் அவ்வளவு நீண்டு, உடலின் நீளத்தை விட அகலம் அதிகம். 15-ல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கற்களில் வரும் மீசோலிமுலஸ் வால்ஷி. இதைப் பார்த்தால் யாருமே டெலவேர் நண்டு என்றுதான் சொல்வார்கள். அதில் ஒன்று, 9.7 மீட்டர் தூரம் நடந்த தடமும், தடத்தின் முடிவில் அது செத்துக் கிடந்த உடலுமாகக் கிடைத்திருக்கிறது. உயிர்கள் தங்க முடியாத சேற்றில் இறங்கி, தடுமாறி, திசை மாறி, கடைசியில் நின்றுபோன நடை. 9.5-ஐ ஒட்டி லெபனானின் டாக்கிபிளியஸ் சிரியாக்கஸ். இன்று ஆசியக் கடல்களில் வாழும் பேரினத்தின் பெயரிலேயே இது வைக்கப்பட்டிருக்கிறது. 6.6-ல் டைனோசர்கள் போன கோடு. பூஜ்யத்தில் இன்று மிஞ்சியுள்ள நான்கு இனங்கள். ஒன்று வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில், மூன்று ஆசியாவில். அந்த மூன்றில் இரண்டு நம் ஒடிசா, வங்காளக் கரைகளுக்கும் வருகின்றன.

இப்போது டேப்பைத் தள்ளி நின்று பாருங்கள். குதிரைலாட நண்டு 44 கோடி வருடமாக மாறவே இல்லை, அது வாழும் புதைபடிவம் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 44.5-ஐயும் 15-ஐயும் பூஜ்யத்தையும் மட்டும் பார்த்தால் அது சரி என்றே தோன்றும். 31-ல் இருக்கும் கல்லும் 24-ல் இருக்கும் படமும்தான் ஒத்துக்கொள்ளாது. 'வாழும் புதைபடிவம்' என்ற சொல் எனக்கு அதனாலேயே உறுத்துகிறது.

யூப்ரூப்ஸ் இன்றைய நண்டின் பாட்டி இல்லை. பக்கக் கிளை. அதன் கூட்டம் கடலை விட்டு நன்னீருக்கும் சதுப்புக்கும் போனது, அங்கே பல வடிவங்கள் எடுத்தது, பிறகு முழுவதுமாக அழிந்தது. ஆஸ்ட்ரோலிமுலஸின் கூட்டமும் தனியாக நன்னீருக்குப் போன இன்னொரு கிளைதான், அதுவும் இல்லை. 2021-ல் ஜேம்ஸ் லாம்ஸ்டெல் என்ற ஆய்வாளர் இந்த இரண்டு கிளைகளையும் வளர்ச்சிப் படிகளோடு ஒப்பிட்டார். யூப்ரூப்ஸின் கிளை வளர்ந்த பின்னும் குஞ்சுப் பருவ அமைப்புகளை விடாமல் வைத்துக்கொண்டது. ஆஸ்ட்ரோலிமுலஸின் கிளை எதிர்த்திசையில், முதிர்ந்த பருவத்தின் அமைப்பையும் தாண்டி வளர்ந்தது. டெலவேரில் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சைப் படத்தில் பாருங்கள். வால்முள் நீளாமல், பின்பகுதியில் வளையக் கோடுகள் தெளிவாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு உடனே 31-ல் இருக்கும் கல்லுக்குத் திரும்புங்கள். எனக்கு முதல் தடவை அந்தச் சாயல் பிடிபட்டபோது அடுப்பில் வைத்த சாம்பார் அடிப்பிடித்தது.

கடலோரத்திலேயே தங்கிய கிளை மெதுவாகத்தான் மாறியது, அது உண்மை. ஆனால் அதைச் சுற்றிலும் வேகமாக மாறிய உறவுக் கிளைகள் இருந்தன. அவை இருந்ததற்கான சாட்சி இந்தச் சின்ன உருண்டைகள்தான்.

எழுதி வைப்பது

அன்றன்றே எழுதுங்கள். எடுத்த தேதி, எந்தக் குவியல், எத்தனை சுற்றில் திறந்தது, எவ்வளவு அகலம். அதே எண்ணை இரண்டு பாதிகளின் பின்புறத்திலும் சிறிதாக மையால் எழுதுங்கள். படிவத்தின் மேல் வார்னிஷ், பசை எதுவும் வேண்டாம். இடம் எழுதாத படிவம் ஆய்வாளருக்குப் பாதி மதிப்புகூடப் பெறாது.

அடையாளத்தில் சந்தேகம் இருந்தால் வட இலினாயின் எஸ்கோனி என்ற புவியியல் சங்கத்தாரிடம் காட்டலாம். மேஸான் க்ரீக் படிவங்களை அடையாளம் காண அவர்கள் கையேடே போட்டிருக்கிறார்கள். எதிலும் சேராத ஒன்று கிடைத்தால் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம். பிரான்சிஸ் டல்லி என்ற சேகரிப்பாளர் இப்படித்தான் ஒரு விசித்திரமான படிவத்தை அங்கே கொண்டுபோனார். 1966-ல் அவர் பெயராலேயே டல்லிமான்ஸ்ட்ரம் என்று பெயரிடப்பட்டு, இன்று அது இலினாயின் மாநிலப் புதைபடிவமாக இருக்கிறது. அது என்ன வகை உயிர் என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது.

என் இரண்டாவது யூப்ரூப்ஸின் சீட்டில் இவ்வளவுதான் இருக்கிறது: "எண் 212. மேஸோனியா தெற்கு, ஏரியோரச் சரிவு. 19 சுற்று. அகலம் 2.4 செ.மீ. இடது கன்னமுள் மறுபாதியில். நடுமேட்டில் வெள்ளைப் படிவு, தொடவில்லை. சட்டையா, உடலா?"